ஏலாக்குறிச்சிக்கு வந்த இத்தாலிக்காரர்: ஒரு மிஷனரிக்கு ஒரு நாள் எப்படிப் போகும்?

போன மாசம் ஒரு சனிக்கிழமை பெங்களூர்ல, மாரத்தஹள்ளி பஸ் ஸ்டாப்ல நின்னுட்டிருந்தேன். பக்கத்துல ரெண்டு பசங்க. வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சுல ஒரு கறுப்பு பேட்ஜ். பேட்ஜ்ல பேருக்கு முன்னாடி 'எல்டர்'னு இருந்தது. எல்டர்னா மூத்தவர். பார்த்தா ரெண்டு பேருக்கும் இருபது வயசு இருந்தாலே அதிகம்.

அதுல ஒரு பையன் ராஜமுந்திரிப் பக்கம். பூக்காரம்மாகிட்ட கன்னடத்துல பேசிட்டிருந்தான். தப்புத் தப்பாத்தான், ஆனா நிறுத்தாம பேசினான். அந்தம்மா சிரிச்சுக்கிட்டே திருத்தினாங்க. இங்க வந்து ஒன்பது மாசம்தான் ஆச்சாம். அப்புறம் என் பக்கம் திரும்பி இங்கிலீஷ்ல கேட்டான்: "சார், நீங்க எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க?"

அஞ்சு வருஷம். எனக்குத் தெரிஞ்ச ஒரே கன்னட வாக்கியம் 'கன்னடா கொத்தில்லா'. அதையும் ஆட்டோக்காரங்ககிட்ட மட்டும்தான் சொல்லியிருக்கேன்.

பஸ் வர்ற வரைக்கும் பேசிட்டிருந்தோம். இவங்க மார்மன் சபையைச் சேர்ந்தவங்க. பெங்களூர்ல இவங்க மிஷன் 1993ல இருந்து இருக்கு. ஆண்களுக்கு ரெண்டு வருஷம், பெண்களுக்கு ஒன்றரை வருஷம் ஊழியம். சம்பளம் கிடையாது. எங்க அனுப்பணும்னு சபைதான் முடிவு பண்ணும். எப்பவும் ஜோடியாத்தான் போகணும், கூட யார் வரணும்னு நாம தேர்ந்தெடுக்க முடியாது. வாரத்துல ஒரு நாள் துணி துவைக்க, கடைக்குப் போக, வீட்டுக்குப் பேச. அந்த வாராந்தர போன் காலே 2019ல வந்த சலுகைதான். அதுக்கு முன்னாடி வருஷத்துக்கு ரெண்டு தடவை, கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும். மத்தபடி லெட்டர், ஈமெயில்.

"நாள் முழுக்கப் பிரசங்கமா?"ன்னு கேட்டேன். "இல்ல சார், பாதி நாள் நடக்கிறோம், மீதி நாள் பேசக் கத்துக்கிறோம்"னு சொன்னான். அது மனசுல ஒட்டிக்கிச்சு. ஏன்னா எங்க ஊர்ப் பக்கம் முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் இதே வேலையைச் செஞ்சிருக்கார். இன்னிக்கு எபிசோட் அவரைப் பத்தி.

முதல்ல ஊர். நான் பிறந்தப்ப எங்க ஊர் பெரம்பலூர் மாவட்டம். 2001ல அரியலூர் மாவட்டம்னாங்க. 2002ல திரும்பப் பெரம்பலூரோட சேர்த்தாங்க. 2007ல மறுபடி அரியலூர். வீடு மாத்தாமலேயே மூணு தடவை மாவட்டம் மாறினவன் நான். அரியலூர்ல இருந்து கீழப்பழுவூர், திருமானூர் வழியா கொள்ளிடத்தைப் பார்த்துப் போனா, ஆத்துக்கு வடகரையில ஏலாக்குறிச்சி. அங்க அடைக்கல மாதா கோயில். சின்ன வயசுல திருவிழாவுக்குப் போய் பலூன் வாங்கினது ஞாபகம் இருக்கு. அந்தக் கோயிலோட பேர் சேர்ந்திருக்கிற வீரமாமுனிவரை ஸ்கூல்ல ரெண்டு மார்க் கேள்வியாத்தான் படிச்சேன். இயற்பெயர் என்ன? கான்ஸ்டான்டின் ஜோசப் பெஸ்கி. எழுதிய காப்பியம் எது? தேம்பாவணி. முடிஞ்சது.

அந்த ரெண்டு மார்க்குக்குப் பின்னாடி ஒரு இருபத்தொன்பது வயசுக்காரர் இருந்தார்ங்கிறது எனக்கு உறைக்கவே இல்லை. பெஸ்கி 1680ல வட இத்தாலியில, மாந்துவா பக்கத்துல காஸ்திலியோனேங்கிற ஊர்ல பிறந்தவர். இயேசு சபைத் துறவி. லிஸ்பன்ல கப்பலேறி 1710 கடைசியில கோவா வந்து இறங்கினார். அடுத்த வருஷம் மதுரை மிஷன். கிட்டத்தட்ட என் வயசு. இந்த வயசுல புதுசா ஒரு மொழி வராதுன்னு நான் முடிவு பண்ணி ரொம்ப நாளாச்சு.

மதுரை மிஷன்ல வேலை பார்த்த பாதிரியாரோட வாழ்க்கையை ஐரோப்பாவுக்குப் போன கடிதங்கள்ல இருந்து ஓரளவு தெரிஞ்சுக்கலாம். 1606ல மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி போட்ட பாதை அது. காவி உடை. மாமிசம், மது கிடையாது. சோறு, காய்கறி, பால். படுக்கை பாய். ஊர் ஊரா நடை. விடியறதுக்கு முன்னாடி பூசை, அப்புறம் பாவசங்கீர்த்தனம் கேட்கணும். திருவிழா நாள்னா அதுவே மணிக்கணக்கா போகும். நடுவுல நோயாளியைப் பார்க்கணும், ஊர்ச் சண்டையைத் தீர்க்கணும். வீட்டுக்கு எழுதின கடிதத்துக்குப் பதில் வர வருஷக்கணக்காகும். வாரம் ஒரு கால்னு பையன் சொன்னப்ப இதைத்தான் நினைச்சேன்.

உயிருக்கும் உத்தரவாதம் இல்லை. இதே மிஷன்ல இருந்த ஜான் தெ பிரிட்டோவை 1693ல ஓரியூர்ல தலையை வெட்டிக் கொன்னாங்க. பெஸ்கியும் 1714–15 வாக்குல மாட்டிக்கிட்டு மரண தண்டனையில இருந்து தப்பினார். கொள்ளிடத்துக்குத் தெற்கே தஞ்சாவூர் மராத்திய அரசுல 1701ல கிறிஸ்தவங்க மேல பெரிய நெருக்கடி வந்தது. ஆத்தைத் தாண்டினா அரியலூர் மழவராயர்களோட பாளையம். அந்தப் பக்கத்து ஆளுங்களுக்கு ஏலாக்குறிச்சி எதுக்குத் தேவைப்பட்டிருக்கும்னு யோசிச்சா, 'அடைக்கல' மாதாங்கிற பேர் தானா விளங்குது. அந்த ஊருக்கு அவர் வெச்ச பேர் திருக்காவலூர். அதுலயும் காவல் இருக்கு. அந்த மாதா மேல திருக்காவலூர்க் கலம்பகம்னு ஒரு பிரபந்தமும் பாடினார்.

வந்த முதல் சில வருஷம் அவர் பெருசா எதுவும் எழுதிடலை. சுத்தினார், கேட்டார். சுப்பிரதீபக் கவிராயர்கிட்ட இலக்கியம் படிச்சதா மரபு. கான்ஸ்டான்டின்ங்கிற பேரைத் தமிழாக்கி தைரியநாதர்னு வெச்சுக்கிட்டார். வீரமாமுனிவர்ங்கிற பேர் அப்புறம் வந்தது. 1726ல தேம்பாவணி, 3615 பாட்டு. சூசையப்பரை நாயகனா வெச்ச காப்பியம், அதுல அவர் பேர் வளன். வந்து இறங்கி பதினஞ்சு வருஷம் கழிச்சு இது.

அதுக்கு அப்புறம் வந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. நான் சாஃப்ட்வேர்ல இருக்கிறதால கொஞ்சம் அதிகமாவே பேசுவேன், பொறுத்துக்கங்க.

ஒரு மொழியைப் புதுசா கத்துக்கிறவனுக்கு மட்டும்தான் அதுல இருக்கிற பக் எல்லாம் தெரியும். பிறந்ததுல இருந்து பேசுறவங்களுக்கு அது கண்ணுல படாது. அப்போ தமிழ் எழுத்துல எகர ஏகாரத்துக்குத் தனித்தனி வடிவம் கிடையாது. மேல புள்ளி வெச்சா குறில், வைக்கலைன்னா நெடில். ஒகரம் ஓகாரமும் அப்படியே. ஓலைச் சுவடியில பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டாங்க. அப்ப 'எரி'ன்னு படிக்கணுமா 'ஏரி'ன்னு படிக்கணுமா? நெருப்பா, தண்ணியா? தமிழ்க்காரர் இடத்தைப் பார்த்துப் புரிஞ்சுக்குவார். மாந்துவாக்காரர் என்ன பண்ணுவார்? நெடிலுக்குத் தனி வடிவம் கொடுத்தார். கொம்புக்கு மேல சுழி போட்ட இரட்டைக் கொம்பு அதுல ஒண்ணு. இன்னிக்கு யூனிகோட்ல ஒத்தைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் தனித்தனி எண் இருக்கு. நீங்க போன்ல 'போடா'ன்னும் 'பொடா'ன்னும் வேற வேறயா டைப் பண்றீங்கன்னா, அதுல அந்த மாணவரோட கஷ்டம் கொஞ்சம் இருக்கு.

அகராதியும் அதே கதைதான். நம்ம நிகண்டுகள் பெரும்பாலும் செய்யுள், பொருள் வாரியா இருக்கும். மனப்பாடம் பண்ணினவருக்குத்தான் உதவும். 1594ல அகராதி நிகண்டுன்னு ஒண்ணு அகர வரிசையில வந்தது, ஆனா அந்த வரிசை முதல் எழுத்தோட நின்னுடும். 1732ல பெஸ்கி செஞ்ச சதுரகராதி பெயர், பொருள், தொகை, தொடைன்னு நாலு பகுதி. ஒரு சொல் தெரியலைன்னா நேரா தேடி எடுக்கலாம். மொழி தெரியாதவனா இருந்து பார்த்தவர்தான் இப்படி ஒரு இண்டெக்ஸ் கேட்பார்.

அடுத்தது கொடுந்தமிழ் இலக்கணம். பேச்சுத் தமிழுக்கு லத்தீன்ல ஒரு இலக்கணம், சக பாதிரியார்களுக்காக. செந்தமிழ்ல காப்பியம் பாடக்கூடிய மனுஷன், சந்தையில பேசுற தமிழுக்கு விதி எழுத உட்கார்ந்திருக்கார். அதை 1738ல அச்சடிச்சது யார் தெரியுமா? தரங்கம்பாடி லுத்தரன் அச்சகம். பெஸ்கி வாழ்நாள் பூரா கண்டனம் எழுதின எதிர் கோஷ்டி! பேச்சுத் தமிழ் கத்துக்கணும்னு வந்தப்ப அவங்களுக்கும் வேற வழியில்லை போல.

பரமார்த்த குரு கதையும் இந்த வகையறாதான். பேச்சுத் தமிழ் பழகுறவங்களுக்கான பயிற்சிப் பாடமா எழுதினது. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன்னு அஞ்சு சிஷ்யர்கள். ஆத்தைக் கடந்ததும் ஆளை எண்ணுவாங்க. எண்ணுறவன் தன்னை விட்டுட்டு எண்ணுவான், ஒருத்தரை ஆறு அடிச்சிட்டுப் போயிடுச்சுன்னு அழுவாங்க. ஊருக்கு உபதேசம் சொல்ல வந்த ஒரு குரு, எழுதின கதையில முதல் கோமாளியா ஒரு குருவையே வெச்சார். அவர் தன்னை நினைச்சுத்தான் எழுதினார்னு என்னால நிரூபிக்க முடியாது. ஆனா எனக்கு அப்படித்தான் தோணுது.

இப்ப கசப்பான பகுதி. பாய்ல படுத்தார், பருப்புச் சோறு சாப்பிட்டார்னு நெகிழ்ந்துட்டு முடிக்க முடியாது. நோபிலி போட்ட பாதை சாதிக்கு வளைஞ்சு கொடுத்த பாதை. பிராமண சந்நியாசி கோலத்துல இருந்தவர் தலித் வீட்டு வாசலை மிதிக்க முடியாது. அதனால 1640 வாக்குல பண்டாரசாமிகள்னு இன்னொரு வகைக் குருமார் வந்தாங்க. 1704ல போப் அனுப்பின தூதர் துர்னோன் புதுச்சேரியில ஒரு ஆணை போட்டார். அதுல ஒண்ணு, சாகக் கிடக்கிற பறையர் வீட்டுக்குள்ள போய் அருட்சாதனம் கொடுக்கணும்ங்கிறது. இதை ஆணை போட்டுச் சொல்ல வேண்டியிருந்ததுன்னா நிலைமையைப் பார்த்துக்கங்க. சபை பல வருஷம் வாதாடுச்சு. 1744ல போப் 14ஆம் பெனடிக்ட் முடிவாச் சொல்ற வரைக்கும் இழுத்தது. பெஸ்கி வேலை பார்த்த மொத்தக் காலமும் இந்தச் சண்டைக்குள்ளதான். ஊரோட மொழி, சோறு, உடை எல்லாத்தையும் பழகினப்ப, ஊரோட சாதியையும் பழகிக்கிட்டாங்க. அந்தக் கணக்கை நான் தள்ளுபடி பண்ண மாட்டேன்.

அவரைப் பத்தி இன்னும் கதைகள் உண்டு. சந்தா சாகிப்கிட்ட திவானா இருந்தார், பல்லக்குல போனார்னு சொல்வாங்க. அதுல பல விஷயம், அவர் இறந்து முக்கால் நூற்றாண்டு கழிச்சு முத்துசாமிப் பிள்ளை எழுதின வாழ்க்கை வரலாறு வழியா வந்தது. ஆய்வாளர்கள் எல்லாத்தையும் ஏத்துக்கிறதில்லை. எனக்கும் அதுல ஆர்வம் இல்லை. வேதியர் ஒழுக்கம்னு அவர் உபதேசியார்களுக்கு எழுதின நடத்தைக் கையேடுதான் எனக்கு முக்கியம். வீடு வீடா போறவன் எப்படி நடந்துக்கணும்ங்கிற புத்தகம். மாரத்தஹள்ளிப் பையன் பையிலயும் அப்படி ஒரு கையேடு இருந்தது. சின்னப் புத்தகம், ஓரமெல்லாம் நைஞ்சு போயிருந்தது.

தெற்கே போர்கள் முத்தின காலத்துல பெஸ்கி தமிழ்நாட்டை விட்டுட்டார். 1747 பிப்ரவரி 4ல கேரளத்து அம்பழக்காட்டுல இறந்தார். வயசு அறுபத்தாறு. சுத்தி இருந்த ஜனங்க பேசினது மலையாளம்.

போன வாரம் அம்மாகிட்ட போன்ல இதையெல்லாம் சொன்னேன். "அடுத்த திருவிழாவுக்காவது ஏலாக்குறிச்சிக்கு வாடா, பலூன் வாங்கித் தர்றேன்"னாங்க. வர்றேன்னு சொல்லியிருக்கேன். எங்க அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் அண்ணன் ஹாவேரிக்காரர். தினமும் காலையில அஞ்சு நிமிஷம் அவர்கிட்ட கன்னடம் பேசுறேன். இதுவரைக்கும் பன்னெண்டு நாள் ஆச்சு. நேத்து 'ஊட்டா ஆய்த்தா'ன்னு கேட்டேன். காலையில ஏழு மணிக்குப் போய்ச் சாப்பாடு ஆச்சான்னு கேட்டிருக்கேன். 'திண்டி ஆய்த்தா'ன்னு திருத்திட்டு, ரொம்ப நேரம் சிரிச்சார்.