வெட்டுத் துணியில் ஒரு தலையணை

தீபாவளி நெருங்கினால் பதுளைத் தையற்காரருக்கு ஓய்வு கிடையாது. தோட்டங்களிற் பெற்ற பண்டிகை முற்பணத்தில் ஒரு பகுதி துணியாக மாறுங் காலம் அது. அம்முற்பணமோ பின்னர் மாதந்தோறுஞ் சம்பளத்திற் கழிக்கப்படும். ஆகவே, கத்தரிக்கோலிலிருந்து உதிரும் துண்டுகளும் கடன்பட்டு வாங்கியவையே. அவற்றைக் குப்பையோடு கூட்டித் தள்ளுதல் தகுமோ?

அத்துண்டுகளைக் கேட்டு வாங்கி வந்தால், அழகிய தலையணை உறை தைக்கலாம். வங்காளப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கி நூலோட்டித் தைக்கும் ‘காந்தா’ உலகப் புகழ் பெற்றது. நாம் கையாளப்போவதும் ஏறக்குறைய அம்முறையே.

முதலிற் பருத்தித் துண்டுகளை மட்டும் பிரித்தெடுங்கள். நைலோன் வியர்வையை உறிஞ்சாது. சாயம் போகும் துணிகளை வேறாகத் துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போடுங்கள். துவைக்காத துணி பின்னர் சுருங்கித் தையலைக் கோணலாக்கும்.

அட்டையொன்றை அளவாக வைத்து 4 அங்குலச் சதுரங்களாக வெட்டுங்கள். நாற்புறமும் கால் அங்குலம் தையலுக்குப் போக, 3½ அங்குலம் மிஞ்சும். வரிசைக்கு 6 வீதம் 4 வரிசையில் 24 சதுரங்களை இணைத்தால், 21 அங்குல நீளமும் 14 அங்குல அகலமும் கொண்ட ஒரு முகம் கிடைக்கும். அதன் கீழே நைந்த துவாயையும், அதற்கும் கீழே பழைய வேட்டித் துணியையும் விரித்து, மூன்றையும் சேர்த்து நெருக்கமாக நூலோட்டுங்கள். மறுமுகத்துக்கு ஒரே துணி போதும். மூன்று பக்கங்களை மூடி, நான்காம் பக்கத்திற் பொத்தான் வைத்தால் உறையைக் கழற்றித் துவைக்கலாம்.

பஞ்சைத் தனிப் பையில் அடைப்பதே நன்று. மழைக்காலத்தில் லயத்து அறைகளில் ஈரம் தங்கும். ஈரப்பஞ்சிற் பூஞ்சணம் படரும். இழுப்பு நோயுள்ள குழந்தைக்கு அது பெருந்தீங்கு. யூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்கு மணமூட்டும் உலர்காற்று, இலவம்பஞ்சை உலர்த்தவும் உதவும்.

விற்பனைக்குத் தைக்கும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. துணி இலவசமாகக் கிடைத்ததென்று விலையைக் குறைத்துவிடாதீர்கள். பகலெல்லாம் கொழுந்து பறித்த கைகளே மாலையில் ஊசியையும் பிடிக்கின்றன. தைத்த நேரத்தைக் கொப்பியிற் குறித்து வையுங்கள். கணக்குப் படிக்கும் பிள்ளை கூட்டித் தரட்டும். நூல், பஞ்சு, பொத்தான், உழைத்த மணிநேரம் ஆகிய நான்கும் சேர்ந்ததே நியாயமான விலை.