ஏலத்துக்கு வரும் ஏலம்

போடி, ராசிங்காபுரம் பக்கமிருந்து விடிகாலையில் ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாக மலைத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர்களுக்குச் சோறு போடும் சொல் ஒன்று உண்டு. ஏலம்!

மகரத்தில் முடியும் இந்தப் பெயர், பின்னால் வரும் சொல்லுக்கு ஏற்ப உருமாறும். காய் வந்தால் 'ம்' கெட்டு, 'க்' மிகுந்து ஏலக்காய். செடி வந்தால் ஏலச்செடி. மலை வந்தால் 'ம்' மட்டும் கெட்டு ஏலமலை. ஏலக்காயின் தோலை உரித்துப் பாருங்கள்: மூன்று அறைகளில் பிசுபிசுப்போடு ஒட்டிக்கிடக்கும் கரும்பழுப்பு விதைகள். அவைதான் ஏலவரிசி, இங்கே இடையில் வகர உடம்படுமெய். வேற்றுமை உருபு வந்தாலோ அத்துச் சாரியை புகுந்து ஏலத்தை, ஏலத்துக்கு என்றாகும். 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் சொன்ன விதிகளின்படியே, காய் எடுக்கும் பெண்கள் இன்றும் பிசகாமல் பேசுகிறார்கள். எவ்வளவு பெரிய சொத்து இது!

போடியில் நடக்கும் 'ஏலக்காய் ஏலம்' என்பதில் இரண்டாவது ஏலம் வேறு. அது 'லெய்லாவ்' என்ற போர்ச்சுகீசியச் சொல்லிலிருந்து வந்தது. தமிழுக்கு வந்தபின் அதுவும் ஏலத்தில், ஏலச்சீட்டு என்று அதே இலக்கணத்துக்குள் அடங்கிவிட்டது.

நம் ஏலமோ கடல் கடந்தது. மலையாளத்து 'ஏலத்தரி', டச்சுக்காரர் வான் ரீடின் ஹோர்ட்டஸ் மலபாரிகஸ் நூலில் 'எலெட்டாரி' என்று பதிவானது. அதிலிருந்தே 1811-இல் மேட்டன் என்ற ஆங்கிலேயர் இந்தச் செடியின் பேரினத்துக்கு 'எலெட்டாரியா' என்று பெயர் வைத்தார்.