அவர்களும் நம்மோடு வரட்டும்!

திருவிழா என்றால் நமக்கெல்லாம் கொண்டாட்டம். வாணவேடிக்கை, ஒலிபெருக்கி, ராட்டினம், கடைத்தெரு நெரிசல் இவையெல்லாம் இருந்தால்தான் அது திருவிழா! ஒருமுறை ஊர்த் திருவிழா ஒன்றில் நாங்கள் நின்ற இடத்துக்கு அருகே ஏழெட்டு வயதுச் சிறுவன் ஒருவன் வெடிச்சத்தம் கேட்டதும் காதுகளைப் பொத்திக்கொண்டு தரையில் விழுந்து அலறினான். எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். "என்ன பிள்ளை வளர்ப்போ!" என்று எங்களுள் ஒருத்தி முணுமுணுத்தாள். அது அந்தத் தாயின் காதில் விழுந்தது. அவர் ஒன்றும் பேசாமல் பிள்ளையை வாரித் தூக்கிக்கொண்டு வெளியேறினார். அவன் ஆட்டிசம் உள்ள பிள்ளை என்பதைப் பிறகுதான் அறிந்தோம். அன்று அடைந்த வெட்கமே இக்கட்டுரைக்குக் காரணம்.

ஆட்டிசம் என்பது என்ன? அது தொற்றுநோயன்று, பித்தும் அன்று. மூளை வளரும் முறையிலேயே அமைந்த ஒரு வேறுபாடு. இப்பிள்ளைகளுள் சிலர் பேசுவதில்லை. சிலர் நிறையப் பேசுவர். பலருக்கு ஓசை, ஒளி, தொடுகை ஆகியவை நம்மைவிடப் பன்மடங்கு உறைக்கும். எதிர்பாராத மாற்றம் அச்சம் தரும். கையை உதறுவதும் முன்னும் பின்னும் ஆடுவதும் அவர்கள் தம்மைத் தாமே அமைதிப்படுத்திக்கொள்ளும் வழிகள்.

1943ஆம் ஆண்டு அமெரிக்காவில் லியோ கானர் என்னும் மருத்துவர், 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் இதனை விளக்கினார். அதன்பின் பல ஆண்டுகள், தாயிடம் பாசம் குறைந்ததே இதற்குக் காரணம் என்று அறிஞர்கள் சிலர் கூறிவந்தனர். எத்தனை தாய்மார் அந்தப் பழியைச் சுமந்து கண்ணீர் வடித்திருப்பர்! 1964இல் பெர்னார்ட் ரிம்லாண்ட் என்னும் உளவியலறிஞர் இக்கருத்தை மறுத்து நூல் எழுதினார். அவரும் ஆட்டிசம் உள்ள ஒரு மகனின் தந்தையே. தாயின் வளர்ப்பு இதற்குக் காரணமன்று என்பது இன்று ஐயமற விளங்கிவிட்டது. அறிஞர்கள் கைவிட்ட அந்தப் பழியைத்தான், ஒன்றும் அறியாமல், அன்று நாங்கள் அந்தத் தாய்மீது சுமத்தினோம்.

நம் நாட்டில் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. ஐ.நா. அவையின் தீர்மானப்படி 2008 முதல் ஏப்ரல் 2ஆம் நாள் உலக ஆட்டிச விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. புதுச்சேரியில் 2003இல் தொடங்கிய சத்யா சிறப்புப் பள்ளி போன்ற நிறுவனங்களும் தொண்டாற்றி வருகின்றன. ஆனால் பள்ளி முடிந்தபின் பிள்ளை வாழ்வது தன் ஊரில் அல்லவா? ஊரார் பார்வைக்கு அஞ்சி இக்குடும்பங்களுள் பல கல்யாணம், கோயில், கடைவீதி என ஒவ்வொன்றாக விட்டுவிட்டு வீட்டுக்குள் ஒடுங்குகின்றன.

இவர்களுக்காக ஒரு நாள் உலா ஏற்பாடு செய்தால் என்ன? நம் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் இடத்துக்கா பஞ்சம்? ஊசுட்டேரிக் கரை இருக்கிறது. பாகூர் ஏரிக்கரை இருக்கிறது. வில்லியனூர் மாதா கோயில் வளாகமும் இருக்கிறது. செய்ய வேண்டுவன இவை:

முதலாவது, நேரம். திருவிழா நாளும் விடுமுறைக் கூட்டமும் வேண்டா. வெயில் ஏறுமுன் தொடங்கி மதியத்துக்குள் முடிக்கலாம்.

இரண்டாவது, முன்னறிவிப்பு. செல்லும் இடத்தின் படத்தை முன்னதாகவே வீட்டுக்கு அனுப்ப வேண்டும். 'வேன், ஏரி, விளையாட்டு, சாப்பாடு, வீடு' என வரிசையாகப் படம் வரைந்த அட்டைகளும் கொடுத்தால், அடுத்து என்ன என்பது பிள்ளைக்குத் தெரியும், அச்சம் குறையும். ஓவியத்தில் வல்ல மாணவியர் செய்யத்தக்க பணி இது.

மூன்றாவது, அமைதி. ஒலிபெருக்கி, பட்டாசு, பலூன், வரவேற்புரை எதுவும் கூடாது. மர நிழலில் பாய் விரித்து, ஒதுங்கி இருக்க ஒரு மூலை ஒதுக்க வேண்டும்.

நான்காவது, காவல். இப்பிள்ளைகள் பலருக்குத் தண்ணீர் என்றால் பெரும் ஈர்ப்பு. சொல்லாமல் நழுவிச் செல்வதும் உண்டு. ஆகவே ஏரிக்கரையிலும் குளக்கரையிலும் கயிறு கட்டி, பெரியவர்கள் முறைபோட்டு நிற்க வேண்டும். வீட்டுத் தொலைபேசி எண்ணைப் பிள்ளையின் சட்டைப்பையில் வைப்பதும் நன்று.

ஐந்தாவது, உணவும் விளையாட்டும். தயிர்ச்சோறு தவிர வேறெதையும் தொடாத பிள்ளையும் வரும், வீட்டிலிருந்தே கொண்டுவரட்டும். வில்லியனூர் சுடுமண் சிற்பம் புவிசார் குறியீடு பெற்ற கலை. பிசைந்த களிமண்ணைக் கொடுத்தால் சில பிள்ளைகள் நெடுநேரம் மகிழ்ந்திருப்பர். சிலர் விரலில் மண் ஒட்டினாலே அழுவர். வற்புறுத்தலாகாது.

இவை எல்லாவற்றிலும் பெரியது நம் நடத்தை. பிள்ளை அலறினால் சூழ்ந்துகொள்ளாமல் விலகி இடம் விடுவோம். "அம்மா, நாங்கள் ஏதாவது செய்யலாமா?" என்று மட்டும் கேட்போம். "எந்த டாக்டரிடம் காட்டினீர்கள்? எப்போது பேசுவான்?" என்று துருவமாட்டோம். கேளாமல் தொடமாட்டோம். உடன்பிறந்த அக்காளையும் தங்கையையும் விளையாட அழைப்போம். அவர்களும் நெடுநாளாக வீட்டிலேயே இருந்தவர்கள்தாம். தாய் ஒரு மணி நேரம் கவலையின்றி உட்கார்ந்து காப்பி அருந்தினால், அதுவே அந்நாளின் வெற்றி.

சக்கர நாற்காலியில் வருவோரும் கடலருகே செல்ல வேண்டும் என்று 2022 நவம்பரில் சென்னை மெரினாவில் மரப்பாதை ஒன்று திறந்தார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு அப்படிப் பாதை அமைக்கத் தச்சர் வேண்டா. முறைத்துப் பார்க்காத நம் கண்களே அப்பாதை.

அன்புத் தோழியரே, பெற்றோரே! ஒரு நாள் உலா ஒரு நாளோடு முடிந்தால் பயனில்லை. அன்று ஏரிக்கரையில் பெயர் சொல்லிப் பழகிய பிள்ளையை மறுநாள் வில்லியனூர்க் கடைவீதியிலோ பாகூர்ப் பேருந்திலோ கண்டால், பெயர் சொல்லி அழைப்போம். அவன் திரும்பிப் பார்க்காமல் போகலாம். அவன் தாய் பார்ப்பார். அடுத்த திருவிழாவுக்கு அவர் வீட்டுக் கதவு திறப்பதற்கு அதுவே போதும்.