மேனிலை வகுப்பில் ஓர் இடம்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியான மறுநாளே பங்கு இல்லங்களின் வாயிலில் பெற்றோர் கூடிவிடுகின்றனர். "சாமி, மதருக்கு ஒரு கடிதம் தாருங்கள்" என்பதே யாவருடைய வேண்டுகோளும். யாருக்காக இத்தனை அலைச்சலோ, அந்தப் பிள்ளை தூணோரம் தலைகுனிந்து நிற்கிறது. "நீ என்ன படிக்க விரும்புகிறாய்?" என நாம் வினவினால், அது வாய் திறக்குமுன், "முதல் குரூப்தான், சாமி" எனத் தந்தையே விடையிறுத்துவிடுகிறார்.

முதல் குரூப் கிட்டாவிடில் வாழ்வே போயிற்று என எண்ணி, நகையை அடகு வைத்து நாமக்கல் வட்டாரத்து விடுதிப் பள்ளிகளை நாடுவோரும் உளர். மருத்துவம் பயில அறிவியல் பாடங்கள் இன்றியமையாதவை, மறுப்பதற்கில்லை. ஆயினும் சட்டம் பயிலவோ, பட்டயக் கணக்காளர் ஆகவோ அவை தேவையில்லை. பத்தாம் வகுப்புக்குப் பின் பாலிடெக்னிக்கில் மூன்றாண்டுப் பட்டயம் பெறுவோர் பொறியியற் கல்லூரியில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம். தேர்வில் தவறியோர்க்கோ அவ்வாண்டே துணைத்தேர்வு உண்டு. இவற்றை அறியாமலே எத்தனை வீடுகளில் அடியும் அழுகையும்!

பெற்றோரை மட்டும் குறைகூறுவது நீதியாகாது. 1978ஆம் ஆண்டில் தமிழகத்தில் மேனிலைக் கல்வி தொடங்குமுன், பள்ளியிறுதி வகுப்பு முடித்தோர் புகுமுக வகுப்புக்குக் கல்லூரி வாயிலையே நாட வேண்டியிருந்தது. பயின்ற பள்ளியிலேயே மேலும் ஈராண்டுகள் பயிலும் வாய்ப்பு எளிய குடும்பங்களுக்கு, சிறப்பாகப் பெண்மக்களுக்கு, பேருதவியாயிற்று. இன்றோ நம் பள்ளிகளுள் சிலவற்றில், வெளியூரிலிருந்து 480 மதிப்பெண்ணுடன் வருபவருக்குக் கதவு திறக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் அங்கேயே பயின்று 290 பெற்ற உபதேசியார் மகளின் கையில் மாற்றுச் சான்றிதழ் திணிக்கப்படுகிறது. எல்லாம் நூறு விழுக்காடு தேர்ச்சி என்னும் விளம்பரப் பலகைக்காகவே! மாநில முதலிடம் பெற்றோர் பட்டியலை அறிவிப்பதை அரசே 2017ஆம் ஆண்டில் கைவிட்டது. நமக்கு அந்த ஆசை இன்னும் விட்டபாடில்லை.

சிறுபான்மையோர் கல்வி நிலையங்களை நிறுவி நடத்த அரசியலமைப்பின் 30ஆம் பிரிவு வழங்கும் உரிமையைப் பற்றி மேடைதோறும் முழங்குகிறோம். அவ்வுரிமையால் உபதேசியார் மகளுக்குக் கிடைத்தது என்ன?

பள்ளித் தாளாளர்களிடம் ஒன்று கேட்கிறோம். தம் பள்ளியிலேயே பத்தாம் வகுப்புத் தேறிய பிள்ளைகளுக்கு இடமளித்த பின்னரே வெளியாரின் விண்ணப்பங்களைப் பிரிக்கலாகாதா? தேர்ச்சி விழுக்காடு குறைந்தால், பங்குமக்களுக்கு விளக்கம் கூற நாம் ஆயத்தமாயிருக்கிறோம்.