குழந்தை யாரிடம் வளரும்?

அடுகோடியில் ஒரு வாடகை வீடு. அப்பா கம்பெனி வேலைக்குப் போகிறார். அம்மா வீட்டில் துணி தைக்கிறார். ஆறு வயதில் ஒரு மகள். இப்படி ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள்.

கணவருக்கு வேறு பெண்ணோடு தொடர்பு. இது ஒரு நாள் மனைவிக்குத் தெரிய வருகிறது. வீட்டில் தினமும் சண்டை.

"குழந்தையை நான் கூட்டிக்கொண்டு போகிறேன்" என்கிறார் கணவர்.

"தப்பு செய்தவர் நீங்கள். குழந்தையைத் தரமாட்டேன்" என்கிறார் மனைவி.

குழந்தை மூலையில் உட்கார்ந்து அழுகிறது. அது யாரிடம் வளரும்?

நீதிமன்றம் எதைப் பார்க்கும்?

யார் தப்பு செய்தார் என்பது ஒரு கேள்வி. குழந்தை எங்கே நன்றாக வளரும் என்பது வேறு கேள்வி. குழந்தை வழக்கில் இரண்டாவது கேள்விதான் முக்கியம்.

சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில் 1973-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. குழந்தைகள் பெற்றோரின் உடைமையும் இல்லை, விளையாட்டுப் பொருளும் இல்லை என்றது.

பெங்களூரில் ஒரு தாய், குழந்தையைவிட வேறு ஒருவரின் உறவையே பெரிதாக நினைத்தார். குழந்தையைச் சரியாகக் கவனிக்கவில்லை. அதனால் குழந்தையைத் தந்தையிடம் கொடுத்தது சரி என்று 2023-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் சொன்னது.

2024-ல் டில்லி உயர் நீதிமன்றத்தில் இன்னொரு வழக்கு. தகாத உறவு என்ற ஒரே காரணத்துக்காகக் குழந்தையைத் தாயிடமிருந்து பிரிக்க முடியாது என்றது அந்த நீதிமன்றம். அந்த உறவால் குழந்தைக்குக் கெடுதல் வந்ததா என்று பார்க்க வேண்டும்.

இரண்டு தீர்ப்புக்கும் அளவுகோல் ஒன்றுதான். அது குழந்தையின் நலம்.

தெரிந்துகொள்வோம்

* தகாத உறவு இப்போது சிறைத் தண்டனைக்குரிய குற்றம் இல்லை. உச்ச நீதிமன்றம் 2018-ல் அந்தச் சட்டப் பிரிவை நீக்கியது. ஆனால் அதைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கலாம்.
* இந்துக்களுக்கு 1956-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. அதன்படி ஐந்து வயது நிறையாத குழந்தை பெரும்பாலும் தாயிடம் இருக்கும்.
* விவரம் தெரிந்த குழந்தை என்றால், அதன் விருப்பத்தையும் நீதிபதி கேட்பார்.
* குழந்தை ஒருவரிடம் இருந்தாலும், மற்றவர் வந்து பார்க்க நீதிமன்றம் நாள் குறித்துக் கொடுக்கும்.
* குழந்தை தாயிடம் வளர்ந்தாலும், அதன் செலவுக்குத் தந்தையிடம் பணம் கேட்கலாம்.

எங்கே போவது?

குழந்தை எந்த ஊரில் வசிக்கிறதோ, அந்த ஊர்க் குடும்ப நீதிமன்றத்தில் மனு கொடுக்க வேண்டும். அடுகோடிக்காரர்களுக்குப் பெங்களூர் குடும்ப நீதிமன்றம். அங்கே முதலில் இருவரையும் உட்கார வைத்துப் பேசிச் சமாதானம் செய்யப் பார்ப்பார்கள்.

வக்கீல் வைக்கப் பணம் இல்லையா? பயப்பட வேண்டாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இலவச சட்ட உதவி உண்டு. வருமானம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை. வருமானம் குறைந்த ஆண்களும் கேட்கலாம். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள்.

இதைச் செய்யாதீர்கள்

குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் ஒளித்து வைக்காதீர்கள். "உன் அப்பா கெட்டவர்", "உன் அம்மா கெட்டவள்" என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். பள்ளிக்கூடத்தை நிறுத்தாதீர்கள்.

குழந்தையின் பிறப்புச் சான்று, பள்ளி ரசீது, தடுப்பூசி அட்டை எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். குழந்தையைக் கவனித்துக்கொண்டவர் யார் என்பதை அவை காட்டும்.

கணவன் மனைவி உறவு முறியலாம். ஆனால் அந்தக் குழந்தைக்கு இருவரும் என்றும் அப்பா, அம்மாதான்.