பவளப்பாறை எழுதி வைத்த கடல் கணக்கு

திருவெறும்பூர்ப் பகுதியில் நடந்த உழவர் பயிற்சி ஒன்றில் ஒரு பெரியவர் கேட்டார்: "ஐயா, 2016-ல் ஐப்பசியும் கார்த்திகையும் வறண்டு போயின. 2021-ல் அதே மாதங்களில் வயலில் தண்ணீர் வடியவில்லை. கடல்தான் காரணம் என்கிறீர்கள். அந்தக் கடல் எங்கள் பாட்டன் காலத்திலும் இப்படித்தான் ஆடியதா?"

நியாயமான கேள்வி. 2016-ல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழகத்தில் பெய்ய வேண்டிய மழை 44 செ.மீ.; பெய்ததோ 17 செ.மீ. அளவுதான். கடலின் பழைய போக்கை அறிய, கருவிகள் எடுத்த அளவுகள் போதா. அவை சில தலைமுறைக்குள் அடங்கிவிடும். அதற்கு முந்திய கணக்கைப் பவளப்பாறை வைத்திருக்கிறது.

கணக்கைப் படிக்கும் முறை

பசுவின் கொம்பில் உள்ள வளையங்களை எண்ணி எத்தனை ஈற்று என்று சொல்வோம் அல்லவா? அதுபோலத்தான் இதுவும். கடலில் வாழும் சிற்றுயிர்கள் கட்டும் சுண்ணாம்புக் கூடே பவளப்பாறை. உருண்டையாக வளரும் ஒரு வகை ஆண்டுக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளரும். அதில் துளையிட்டுத் தண்டுபோல் எடுத்து எக்ஸ்ரே படம் பிடித்தால் ஆண்டு வரிகள் தெரியும். ஒரு மீட்டர் தண்டு ஏறத்தாழ நூறு ஆண்டுக் கணக்கு.

ஒவ்வொரு வரியிலும் பிராண வாயுவாகிய ஆக்சிஜன் அடங்கியுள்ளது. அதில் இலேசானது ஒன்று (16), கனமானது ஒன்று (18). கடல் சூடானால் கூட்டில் சேரும் கன ஆக்சிஜன் குறையும், குளிர்ந்தால் கூடும். ஒரு டிகிரி வெப்பத்துக்கு ஐயாயிரத்தில் ஒரு பங்கு அளவே மாற்றம். அதையும் கருவி கண்டுபிடித்துவிடும். கடல்மேல் பெருமழை பெய்தாலும் கன ஆக்சிஜன் குறையும் என்பதால், வெப்பத்தையும் மழையையும் பிரித்தறிய வேறு சோதனைகளும் செய்கிறார்கள்.

நம் நாட்டிலும் இந்த ஆய்வு நடந்துள்ளது. அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் விஞ்ஞானிகள் சக்ரவர்த்தி, ரமேஷ் ஆகியோர், தென்மேற்குப் பருவக்காற்றால் கடல் குளிர்வது லட்சத்தீவுப் பவளப்பாறையில் பதிவாகியிருப்பதை 1993-ல் வெளியிட்டனர்.

கணக்கு சொல்வது என்ன?

இந்துமாக்கடலின் ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிர்ந்தும் இருக்கும் நிலையை 'இருமுனை நிலை' என்பர். சுமத்ரா பக்கம் குளிர்ந்து ஆப்பிரிக்கப் பக்கம் சூடேறினால் நமக்கு வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் கைகொடுக்கும். 1997 அப்படிப்பட்ட ஆண்டு. இது தலைகீழானால் மழை குறைய வாய்ப்பு உண்டு. 2016 அதற்கு உதாரணம். ஆனால் இது மட்டுமே மழையைத் தீர்மானிப்பதில்லை. 2021-ல் இருமுனை தலைகீழாக இருந்தும் மழை கொட்டியது.

சுமத்ராவை ஒட்டிய கடலின் பவளப்பாறைகளை ஆராய்ந்து ஆஸ்திரேலிய விஞ்ஞானி நெரிலி ஏப்ரமும் குழுவினரும் 2020-ல் முடிவுகளை வெளியிட்டனர். 1240-ஆம் ஆண்டு தொடங்கி, இடையிடையே விட்டு, சுமார் 500 ஆண்டுக் கணக்கு அதில் கிடைத்தது. சுமத்ரா பக்கம் கடுமையாகக் குளிர்ந்த ஆண்டுகள் 10. அவற்றில் 1961, 1994, 1997, 2019 என நான்கு, கடைசி 60 ஆண்டுக்குள் வந்தவை. 1675-ல் நேர்ந்தது 1997-ஐக் காட்டிலும் கடுமையானது.

ஆக, பெரியவரின் கேள்விக்கு விடை இதுதான்: கடல் முன்பும் ஆடியது, நாம் கண்டதைவிடப் பலமாகவும் ஆடியது. இப்போது அந்தப் பெரிய ஆட்டம் அடிக்கடி வருகிறது. பவளப்பாறை நம் ஊர் மழையைச் சொல்லாது. அடுத்த மாதத்தையும் சொல்லாது. ஆனால் 'நான் பார்க்காதது வராது' என்று நம்பிப் பயிர் செய்யக்கூடாது என்று எச்சரிக்கிறது.

உழவர் செய்ய வேண்டியவை

1. வடகிழக்குப் பருவமழை பற்றி வானிலைத் துறை ஆண்டுதோறும் வெளியிடும் முன்னறிவிப்பைக் கவனியுங்கள். இருமுனை நிலை எப்படி என்று வேளாண் அலுவலரிடம் கேளுங்கள்.

2. வாய்க்காலில் தண்ணீர் தாமதமானால் 155 நாளுக்கு மேல் போகும் சி.ஆர். 1009 போன்ற நெல்லை நாடாதீர்கள். களர் நிலத்துக்கு 135 நாள் வயதுள்ள டி.ஆர்.ஒய். 3 ஏற்றது. மிகவும் தாமதமானால் குறுகிய கால நெல் அல்லது உளுந்தே பாதுகாப்பு.

3. பண்ணைக்குட்டையும் வடிகாலும் இரண்டுமே வேண்டும். ஒன்று வறட்சிக்கு, மற்றொன்று வெள்ளத்துக்கு.

4. பயிர்க் காப்பீட்டைக் கடைசி நாள்வரை தள்ளிப்போடாதீர்கள்.

கடல் தன் கணக்கைக் கல்லில் எழுதி வைக்கிறது. தங்கள் வயலில் பெய்த மழையையும் விதைத்த நாளையும் கண்ட மகசூலையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தால், தங்கள் பேரனுக்கும் ஒரு கணக்கு மிஞ்சும்.