ஒரே புட்டி, மூன்று மதிப்பெண்

சிவகிரியிலிருந்து வடக்கே ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டித் தேனிப் பக்கம் போனால் கம்பம் பள்ளத்தாக்கு. அங்கே விளையும் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம். பெரும்பாலும் பழமாக விற்கிறது, ஒயினும் ஆகிறது. அந்த ஒயின் ஒரு போட்டிக்குப் போனால் என்ன ஆகும்?

முதலில் பெயர் போய்விடும். புட்டியை உறையில் மூடி எண் ஒட்டுவார்கள். ஒரே வகை ஒயின்களை வரிசையாக ஊற்றி வைப்பார்கள். நடுவர் கோப்பையின் காம்பைப் பிடித்து, வெள்ளை விரிப்பின் மேல் சாய்த்து நிறம் பார்ப்பார்; சுழற்றி முகர்வார்; ஒரு வாய் எடுத்து, காற்றையும் சேர்த்து உறிஞ்சி, நாக்கில் புரட்டித் துப்பிவிடுவார். விழுங்கினால் மதியத்துக்குள் ஆள் சாய்ந்துவிடுவார்! தங்கம் என்றால் முதலிடம் என்றும் நினைத்துவிட வேண்டாம். பல போட்டிகளில் குறிப்பிட்ட மதிப்பெண்ணைத் தொட்ட எல்லா ஒயினுக்கும் தங்கம்தான்.

கலிபோர்னியாவில் ராபர்ட் ஹாட்ஜ்சன் என்ற பேராசிரியர் சொந்தமாக ஒயின் தயாரித்துவந்தார். ஓரிடத்தில் தங்கம் வாங்கிய அவருடைய ஒயின் வேறிடத்தில் வெறுங்கையோடு திரும்பியது. காரணம் தேடியவர், 2005 முதல் அம்மாநிலக் கண்காட்சிப் போட்டியில் ஒரு சோதனை நடத்தினார். சுமார் முப்பது ஒயின்கள் கொண்ட வரிசையில், ஒரே புட்டியிலிருந்து ஊற்றிய ஒயினை மூன்று முறை கலந்து வைத்தார். அதே நடுவர் அதே ஒயினுக்கு ஒருமுறை 90 போட்டால் இன்னொருமுறை 86 அல்லது 94 போட்டார். வெண்கலத்துக்கும் தங்கத்துக்கும் இடையே அவ்வளவுதான் தூரம்.

நடுவர்களைக் கேலி செய்வது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அல்வா தின்ற வாய்க்குக் காப்பி சப்பென்று இருப்பது நமக்குத் தெரியாததா? முன்னால் வந்த ஒயின் பின்னால் வருவதை மாற்றிவிடும். சிவப்பு ஒயினின் துவர்ப்பு எச்சில் புரதங்களோடு சேர்ந்து நாக்கை வறட்டும். அது கோப்பைக்குக் கோப்பை கூடும். கண்ணும் ஏமாற்றும். போர்தோ பல்கலைக்கழகத்தில் 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள்; மாணவர்கள் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களாலேயே அதை வர்ணித்தார்கள். இத்தனைக்கும் அவர்கள் ஒயின் பற்றிப் படிப்பவர்கள். 2001-ல் வெளியான ஆய்வு இது.

ஹாட்ஜ்சனின் சோதனையில் பத்தில் ஒரு நடுவர் மட்டுமே மூன்று முறையும் ஏறத்தாழ ஒரே பதக்கம் கொடுத்தார். அப்படிப்பட்டவர்களைப் பொறுக்கி எடுத்து நிரந்தர நடுவராக்கிவிடலாமே என்று தோன்றும். ஆனால் ஒரு வருடம் தடுமாறாதவர் அடுத்த வருடம் தடுமாறினார்.